ஏழாம் மாதத்தில் காணாமல் போனவர்கள்

நான் ஒரு மடையன். இதை எழுதச் சொல்லி யாரும் என் கையை முறுக்கவில்லை. சாட்சியும் நானேதான். திண்டிவனத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம், ஒரு பல் டாக்டரைத் தேடிப் போய், நாற்காலியில் சாய்ந்து, வாயை அகலத் திறந்து, "என்ர வாய் நாறுதோ எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்டவன் நான்.

அவர் கண்ணாடியும் கம்பியுமாகப் பத்து நிமிஷம் தேடினார்.

"ஒண்ணும் இல்லையே சார். யாராவது சொன்னாங்களா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. ஆனா என்னட்ட வாற பொம்பிளையள் எல்லாம் ஏழு மாசத்தோட ஓடிப் போகினம்."

அவர் தன் நாற்காலியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினார். நான் மகப்பேறு மருத்துவன் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மடத்தனத்தின் வால் எங்கே போய் முடிந்தது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

கதவுக்கு வெளியே

விழுப்புரத்தில் ஒரு அரசு மருத்துவமனை. அறுவை அரங்குக்கு வெளியே நீளமான நடை. பினாயில் வாசனை, ஈரத் தரை, எங்கேயோ ஒரு வார்டில் விடாமல் அழும் குழந்தை. காலை பதினொரு மணி இருக்கும். நான் மூடிய கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். முப்பது வருஷமாக நான் கதவுக்கு உள்பக்கத்து ஆள். வெளியே நிற்கும் கணவன்மாரைப் பார்த்து, "ஏன் இப்பிடி நடக்கிறீங்கள், ஒரு இடத்தில இருங்கோ" என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன். அன்று நடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நான் நடந்ததை அளந்திருந்தால் வெகு தூரத்தில் இருக்கும் முகையூரே வந்திருக்கும்.

உள்ளே படுத்திருந்தவள் சுகந்தி. இருபத்திரண்டு வயது. முதல் பிரசவம். ரத்தப்போக்கோடு கொண்டுவந்திருந்தார்கள். அவள் கணவன் ரத்தம் கொடுக்கப் போயிருந்தான். வெளியே நானும், அவளுடைய அம்மா தனலட்சுமியும் மட்டும்.

உள்ளே போக நான் முயற்சி செய்யாமல் இல்லை. பணியில் இருந்த பெண் மருத்துவருக்கு என் மகள் வயதிருக்கும். சுகந்தியின் நிலைமையை, என் பட்டங்களை, இங்கிலாந்தில் எத்தனை வருஷம், எத்தனை கத்தி என்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க சார். அந்தப் பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தேன். தனலட்சுமி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதவு எப்படித் திறக்கும் என்பது ஓரளவுக்கு என் தலையில் விடிந்த விஷயம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

டாக்டரம்மா எங்கே?

கொஞ்சம் பின்னால் போகிறேன். கதவு திறக்க நேரம் இருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். வளர்ந்த பிறகு கலவரம் துரத்த, இங்கிலாந்தில் போய் விழுந்தேன். அங்கே படித்து, அங்கேயே பிள்ளைப்பேறு பார்த்து, அங்கேயே ஒரு திண்டிவனத்துக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டேன். என் மனைவி கணக்கு ஆசிரியை. மகள் வேலைக்குப் போனதும் ஒருநாள், "இவ்ளோ நாள் உங்க ஊர் மாதிரியும் இல்லாம எங்க ஊர் மாதிரியும் இல்லாத ஊர்ல இருந்தாச்சு. இனிமே எங்க ஊர்" என்றாள். கணக்கு ஆசிரியை விடையைச் சொன்னால் அதுதான் விடை.

ஐம்பது தாண்டிய பிறகு விண்ணப்பம், முத்திரை, கையெழுத்து என்று வரிசையில் நின்றேன். ஒருவழியாகத் திண்டிவனத்தில் ஒரு சிறிய அறக்கட்டளை மருத்துவமனையில் மகளிர் பிரிவு எனக்குக் கிடைத்தது. ஊரில் என் பெயரை யாரும் விசாரிக்கவில்லை. 'சிலோன் டாக்டரு' என்று அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் முதல் நோயாளி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மேசைக்குக் கீழே பார்த்தார். திரைக்குப் பின்னால் பார்த்தார்.

"டாக்டரம்மா எங்க?"

"நான்தான் அம்மா டாக்டர்."

"அது சரி. அம்மா எப்போ வருவாங்க?"

அம்மா வரவில்லை. அந்தப் பெண்ணும் வரவில்லை. என் மானத்தைக் காப்பாற்றியது தலைமைச் செவிலி அமலா. வளவனூர்க்காரர். குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஒவ்வொரு பெண்ணின் தோளிலும் கையைப் போட்டு, "ஆம்பளன்னு பாக்காத. பாதி நேரம் அவருக்கே தான் எங்க இருக்கோம்னு தெரியாது. நான் பக்கத்துலயே இருக்கேன், வா" என்று அழைத்துவருவார். இந்தச் சிபாரிசை வைத்துக்கொண்டுதான் நான் தொழில் நடத்தினேன்.

மெல்லக் கூட்டம் வந்தது. மூன்றாம் மாதம் வந்தார்கள், ஐந்தாம் மாதம் வந்தார்கள், சிரித்தார்கள். "சாப்பிட்டீங்களா சார்?" என்று என்னையே விசாரித்தார்கள். ஏழாம் மாதம் முடிந்ததும் திடீரென்று ஆளைக் காணோம். தொலைபேசியில் கூப்பிட்டால், "அவ ஊர்ல இல்ல சார்" என்று ஒரு பதில்.

ஓடிப்போனவர்கள் பெட்டி

நான் யோசித்தேன். ஆராய்ந்தேன். எல்லா ஆராய்ச்சியும் என்னிடமே வந்து முடிந்தது.

முதலில் என் நகைச்சுவையைச் சந்தேகப்பட்டேன். ஒரு மாதம் யாரிடமும் சிரிக்காமல் இருந்து பார்த்தேன். "சாருக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று அமலாவிடம் கேட்டுவிட்டு, ஏழாம் மாதத்தில் போய்விட்டார்கள். பிறகு முகத்தில் பூசும் வாசனைத் தண்ணீரை மாற்றினேன். பிறகுதான் பல் டாக்டர்.

இதில் ஒரு சிக்கல். இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்காரிகள் யாரும் ஓடவில்லை. ஒன்பது மாதமும் வந்து, என்னிடமே பெற்று, வீட்டுக்குப் போனார்கள். வேறு யாராவதாக இருந்தால் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? ஒரு பிள்ளை பெற்றவர்களுக்கு எந்த ஆம்பிளையையும் சகித்துக்கொள்ளும் பக்குவம் வந்துவிடுகிறது என்று.

வராமல் போனவர்களின் அட்டைகளைப் போட ஒரு பெட்டி வைத்தேன். மேலே 'ஓடிப்போனவர்கள்' என்று நானே எழுதி ஒட்டினேன்.

ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் பெட்டியில் இன்னொரு அட்டையைப் போடப் போனேன். சுகந்தியின் அட்டை. முந்தின நாள் வர வேண்டியவள் வரவில்லை. அப்போதுதான் அமலா அதன் மேல் இருந்த எழுத்தைப் படித்தார்.

"இன்னா சார் இது, ஓடிப்போனவங்க?"

சொன்னேன். பல் டாக்டர் வரைக்கும் சொன்னேன். அமலா சிரித்த சிரிப்பில் மருந்துக் கடைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ சார். அவங்க எங்கயும் ஓடல. அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க. தலைப்பிரசவம் அம்மா வூட்லதான் சார் பாக்கணும். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு போட்டு, பொண்ணு வூட்டுக்காரங்க வந்து கூட்டிக்கினு போயிடுவாங்க. ஊருக்கே தெரியும்."

"எனக்கு ஏன் நீங்கள் சொல்லேல்ல?"

"தெரியாதவங்க இருப்பாங்கன்னு யாரு சார் நெனைப்பா?"

உங்களுக்கும் சிரிப்பு வரலாம். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். பெண் பிரசவத்துக்காக எங்கேயும் போவதில்லை. அம்மா அடுத்த அறையில் இருப்பார். என் மகள் பிறந்தபோது மாமியார் விமானம் ஏறி இங்கிலாந்து வந்து நாலு மாதம் இருந்தாரே, அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் எங்கள் வீட்டைக் குற்றம் கண்டுபிடிக்க வந்ததாகவே நான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"சார். இது அந்தக் கொடி கீழ இருக்குற பொண்ணு."

தப்பான ஆளிடம் சொன்ன சேதி

சுகந்திக்கு நஞ்சுக்கொடி கருப்பையின் வாசலை முழுவதுமாக மூடிக்கொண்டு கிடந்தது. வழியில் படுத்த எருமை மாதிரி. குழந்தை அந்த வழியாக வரவே முடியாது. அறுவைதான். அதற்கு முன்னால் எந்த நாளும், எந்த நிமிஷமும், வலியே இல்லாமல் ரத்தம் கொட்டலாம். கொட்டினால், கையில் ரத்தமும் கத்தியும் உள்ள மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இதையெல்லாம் நான் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். படம் போட்டும் காட்டியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கூட வந்த மாமியாரிடம்.

அந்த மாமியார் நல்ல மனுஷி. கவனமாகக் கேட்டார். தன் வீட்டில் இருந்தவரை மருமகளை ஒரு குடம் தூக்க விடவில்லை. ஆனால் வளையல் போட்ட நிமிஷத்திலிருந்து பொறுப்பு அம்மாவுடையது. அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. அவர் ஊர்ப் பெயர்கூட அட்டையில் இல்லை.

அமலா மாமியாருக்குப் போன் போட்டார். பின்னால் ஒரே நாதஸ்வரம்.

"இன்னிக்குத்தான் வளைகாப்பு. சாப்புட்டாச்சு. வண்டி கெளம்புது. இன்னா விசயம்?"

"வண்டிய நிறுத்துங்க. நாங்க வர்றோம்." அமலா என்னைப் பார்த்தார். "ஜல்தி சார்."

சந்தனம் பூசிய கன்னம்

மருத்துவமனையிலிருந்து மூன்று தெரு தள்ளி அந்தச் சிறிய மண்டபம். நான் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே ஏறிவிட்டேன். முழுக்கப் பெண்கள். தட்டுத் தட்டாகக் கலந்த சாதம், பூ, கண்ணாடி வளையல். யாரோ ஒரு அம்மாள் வந்தவர் யாரென்று கேட்காமலே என் கன்னத்தில் சந்தனத்தைத் தடவி, தாம்பூலப் பையைக் கையில் கொடுத்து, "சாப்புட்டுப் போங்க" என்றார்.

வெளியே வேனில் சுகந்தி ஏறி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றவர்தான் தனலட்சுமி. முகையூருக்கு அந்தப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலை போடுகிறவர். வெயிலில் வெந்த கை. தீர்மானமான முகம்.

"நீங்க யாரு?"

"உங்கட மகளைப் பாக்கிற டாக்டர்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "ஆம்பள டாக்டரா?"

சுகந்தி வளையலை எண்ணத் தொடங்கினாள். வீட்டில் டாக்டரம்மா என்றே சொல்லி வைத்திருக்கிறாள்.

நான் விளக்க ஆரம்பித்தேன். கொடி கீழே இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் அந்த ஒரு வரியை மட்டும் சொல்லியிருந்தாள். "அது எல்லாருக்கும் இருக்கும், மாசம் ஏற ஏறக் கொடியும் ஏறிடும்" என்றார். பலருக்கு அது உண்மையும்கூட. சுகந்திக்கு இல்லை.

வாய் வார்த்தை போதவில்லை. சீர்த்தட்டில் இருந்த ஒரு சொம்பை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தேன். "இது கர்ப்பப்பை." தாம்பூலப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அதன் வாயில் ஒட்ட வைத்தேன். "இது நஞ்சு. பிள்ளை இந்த வழியால எப்பிடி வரும்? இலை கிழிஞ்சா..."

"சீர்ச் சொம்பக் கவுக்குறான் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அந்தாளு கையில இருந்து வாங்குங்கடி."

தனலட்சுமி மட்டும் அந்த இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரத்தம் வந்தா எத்தினி நேரம் தாங்கும்?"

நான் இங்கிலாந்தில் ஐம்பது மாணவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒருவர்கூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.

"சொல்லேலாது அம்மா. அரை மணித்தியாலம் எண்டாலும் பயம்தான்."

"எங்க ஊர்ல இருந்து விழுப்புரம் போக ஒரு மணி நேரம் ஆவும். வண்டி கெடச்சா."

மாமியார் மெல்ல, "அப்போ இங்கியே வுட்டுட்டுப் போங்க சம்மந்தி, நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"வளையல் போட்ட பொண்ண வாசல் வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டுப் போனா, நாலு பேரு இன்னா கேப்பான்? அம்மாக்காரி கஞ்சி ஊத்தப் பயந்துக்கினு ஓடிட்டான்னு சொல்ல மாட்டான்?"

டிரைவர் இஞ்சினை அணைத்தார். மருத்துவம் எனக்குத் தெரியும். இந்தக் கணக்கு தெரியாது. வற்புறுத்தினால் அந்த வண்டி கிளம்பிவிடும் என்பது மட்டும் அமலாவின் முகத்தில் தெரிந்தது.

தனலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினார்.

"விழுப்புரத்துல என் தங்கச்சி வூடு இருக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல பத்து நிமிசம். நானும் இவளும் அங்க இருந்துக்கிறோம். நான் எங்க இருக்கேனோ அதான் இவளுக்கு அம்மா வூடு."

"மல்லாட்டை புடுங்கணுமே" என்றார் கூட வந்த ஒரு உறவுக்காரர்.

"இந்த வருசம் எங்க வூட்டுக்காரரு புடுங்கட்டும். ஏறு." பிறகு டிரைவரிடம், "முகையூரு வேணாம்பா. விழுப்புரத்துல நிறுத்து."

அட்டையில் ஒரு வரி

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், எல்லா அட்டையிலும் ஒரு வரி சேர்த்ததுதான்: 'அம்மா வீடு எந்த ஊர், அம்மாவின் போன் நம்பர்.' ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அம்மாவை ஒருமுறை கூட்டிவர வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஏதோ சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி, புது அட்டையை எங்கள் பகுதி கிராம சுகாதாரச் செவிலியிடம் காட்டினேன். அவர் தன் நோட்டைத் திறந்தார். அந்த வரி அதில் எப்போதோ இருந்தது. பக்கம் பக்கமாக இருந்தது. மரியாதைக்காக, "நல்ல ஐடியா சார்" என்றார்.

ஆனாலும் வேலை நடந்தது. பெட்டியில் இருந்த ஒவ்வொரு அட்டையையும் அமலா எடுத்து, ஒவ்வொரு அம்மாவையும் தேடிப் பிடித்தார். வானூரில் ஒருத்திக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம். பெட்டியில் இப்போது ஊசிகள் இருக்கின்றன.

இன்று திண்டிவனத்தில் வளைகாப்பு என்றால் எங்கள் மருத்துவமனைக்கும் பத்திரிகை வருகிறது. நானும் அமலாவும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு போகிறோம். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு, சந்தனம் வாங்கிக்கொண்டு, புளிச்சாதம் சாப்பிட்டு, சம்பந்தி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுகிறேன். போகிற பெண் எந்த ஊருக்குப் போகிறாள், எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்று கேட்டு, அங்கே உள்ள மருத்துவருக்கு நானே பேசிவிடுகிறேன். என்னிடம் பார்த்துவிட்டு எங்கெங்கோ பெற்றவர்கள், மூன்றாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். 'டாக்டரம்மா எங்கே' என்று கேட்டுப் போன அந்த முதல் பெண்ணும் வந்தார். தங்கையைக் கூட்டிக்கொண்டு. வாசலில் நின்று தங்கையிடம், "ஆம்பளன்னு பாக்காத" என்று அமலாவின் வசனத்தை அப்படியே சொன்னார். இங்கிலாந்தில் எனக்குக் கொடுத்த எந்தக் கேடயமும் இவ்வளவு கனத்ததில்லை.

கதவு திறந்தது

விழுப்புரத்து நடைக்குத் திரும்புகிறேன்.

வளைகாப்பு முடிந்து ஐந்தாவது வாரம். அன்று காலை ஏழரைக்குச் சுகந்திக்கு ரத்தம் வந்தது. வலி இல்லை. படுக்கை நனைந்த பிறகே தெரிந்தது. தனலட்சுமி கத்தவில்லை, அழவில்லை, என்னைக்கூடக் கூப்பிடவில்லை. தெரு முனை ஆட்டோக்காரரை முன்பே சொல்லிவைத்திருந்தார். எட்டு மணிக்கு முன்னால் மகள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தாள். அதன் பிறகுதான் அமலாவுக்குப் போன். அதுவும் ஒரு வரி: "நீங்க சொன்னது வந்துடுச்சு."

போக்கு முதலில் நின்றதுபோல இருந்ததாம். பத்தரைக்கு மறுபடியும் தொடங்கவே உள்ளே கொண்டுபோனார்கள்.

நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. இப்போது வெட்டியிருப்பார்கள். இப்போது கொடியைத் தாண்டிக் கையை விட்டிருப்பார்கள். இப்போது ரத்தம் பொங்கும். இப்போது குழந்தை அழ வேண்டும். அழவில்லை. ஒன்றும் தெரியாத கணவன்மார் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று அன்றுதான் புரிந்தது.

பிறகு கதவின் மறுபக்கம் ஒரு சின்னச் சத்தம். பூனை மாதிரி. தொடர்ந்து பெரிய சத்தம்.

தனலட்சுமி எழுந்தார். ஆனால் முகம் மாறவில்லை. அவர் காத்திருந்தது அந்தக் குரலுக்கு அல்ல.

இன்னும் இருபது நிமிஷம். கதவு திறந்தது. பெண் மருத்துவர் முகக்கவசத்தை இறக்கினார். கழுத்தெல்லாம் வேர்வை.

"பொண்ணு பொறந்திருக்கு. உங்க பொண்ணும் நல்லா இருக்கா. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினோம், இப்ப நின்னுடுச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொன்ன மாதிரியே முழுசா மூடியிருந்துச்சு சார். ரெண்டாவது தடவ கொட்டும்போது ஒரு மணி நேரத் தூரத்துல இருந்திருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

தனலட்சுமி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தை அழுத்தித் துடைத்து, எழுந்து, புடவையை உதறிக்கொண்டார். எனக்கோ நெஞ்சு கொள்ளவில்லை. மண்டபத்துக்குள் சப்பாத்தோடு ஓடியது, சொம்பைக் கவிழ்த்தது எல்லாம் ஒரு வீர சரித்திரம் மாதிரி கண் முன்னால் வந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"பாத்தீங்களோ அம்மா," என்றேன், "அண்டைக்கு நான் ஓடி வந்து சொன்னது எவ்வளவு நல்லதாப் போச்சுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மொதல்லியே என்னாண்ட சொல்லியிருந்தா ஓடியிருக்கவே வேணாம்."